கீழ்ப்பல் செட் ஏன் பீரோவில் கிடக்கிறது?

பெரியம்மாவின் காரியமெல்லாம் முடிந்து, அவருடைய மர பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தோம். பட்டுப்புடவைகளுக்கு அடியில், ஓரத்தில் பூப்போட்ட கைக்குட்டையில் எதையோ சுற்றி வைத்திருந்தார். தோடோ மோதிரமோ என்று பிரித்தால், கீழ்வரிசைப் பல்செட். வாங்கிய அன்றிருந்த பளபளப்பு அப்படியே இருந்தது. மேல்வரிசையை அவர் கடைசிவரை விடவில்லை. ஆம்புலன்ஸில் ஏறும்போதுகூட அதைப் போட்டுக்கொண்டுதான் ஏறினார். கீழ்வரிசை மட்டும் கல்யாண வீட்டு போட்டோக்களுக்கு. வீடு திரும்பியதும் முதல் வேலையாகக் கழற்றிவிடுவார். தீபாவளி முறுக்கைப் பாக்கு உரலில் இடித்துத்தான் தின்றார்.

இரண்டையும் செய்தது ஒரே டாக்டர். ஒரே மாதத்தில், ஒரே அக்ரிலிக்கில் செய்தவை. அப்படியிருந்தும் ஒன்று உடம்போடு சேர்ந்துகொண்டது, இன்னொன்று கைக்குட்டைக்குள் போய்விட்டது. டாக்டருக்குக் கைராசி இல்லை என்று வீட்டில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன், போன வருஷம் அத்தையைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போகும்வரை.

அத்தைக்கு 68 வயது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் கிராமம். இருபது வருஷச் சர்க்கரை. மேலே நான்கு பல், கீழே ஆறு பல் மிச்சம். அதிலும் பாதி ஆடிக்கொண்டிருந்தன. "எல்லாத்தையும் ஒரேயடியாப் புடுங்கிட்டு ஒரு செட்டைக் குடுத்துடுங்க டாக்டர். அங்கொண்ணும் இங்கொண்ணுமா வச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றார் அத்தை.

டாக்டர் சின்ன வயதுப் பெண். எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டுச் சொன்னார்: "புடுங்குறதுக்கு அரைமணி நேரம் போதும்மா. பல்லு போனா நான் வேற பல்லு வைக்கலாம். பல்லு உக்காந்திருந்த எலும்பு போயிடுச்சுன்னா, எதும்மேல வைக்கிறது?"

பெரியம்மாவின் கைக்குட்டைக்கான விடை அந்தக் கேள்வியில் இருந்தது.

நமது தாடையில் அடியிலிருக்கும் எலும்பு உடம்புக்குச் சொந்தம். அதன்மேல் வயல் வரப்புபோல் எழும்பி நிற்கும் பகுதியோ பல்லுக்குச் சொந்தம். பல் முளைக்கும்போது கூடவே எழும்புகிறது. பிறவியிலேயே பல் முளைக்காத இடங்களில் அந்த வரப்பு சரியாக உருவாவதே இல்லை. பல்லின் வேர் எலும்போடு நேராக ஒட்டியிருக்கவும் இல்லை. இரண்டுக்கும் நடுவே கால் மில்லிமீட்டர்கூட வராத ஓர் இடைவெளி. அந்த இடைவெளி நெடுகக் குறுக்கும் நெடுக்குமாக நார்கள். கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் கட்டிலில் உட்கார்ந்தால் நம் எடை கீழ்நோக்கி அழுத்துகிறது. கட்டில் சட்டத்துக்கு அது போய்ச்சேரும்போது கயிற்றின் இழுப்பாகத்தான் போய்ச்சேருகிறது. பல்லும் அப்படித்தான். ஒவ்வொரு கவளத்தை மெல்லும்போதும் நார்கள் எலும்பை லேசாக இழுத்துவிடுகின்றன. அந்த இழுப்பு இருக்கும்வரை எலும்புக்கு வேலை இருக்கிறது. வேலை இருக்கும் எலும்பை உடம்பு பராமரிக்கிறது.

பல்லைப் பிடுங்கினால் கயிறும் போய்விடுகிறது. குழியில் ரத்தம் உறைகிறது, சில வாரங்களில் மேலே ஈறு மூடிக்கொள்கிறது, மூன்று நான்கு மாதங்களில் குழிக்குள் புது எலும்பு நிரம்புகிறது. ஆறிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். உள்ளே குழி நிரம்பிக்கொண்டிருக்கும்போதே வெளியே வரப்பு கரைய ஆரம்பித்திருக்கும். கடைவாயில் ஒற்றைப் பல் எடுத்தவர்களை ஓராண்டு தொடர்ந்து அளந்து 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வரப்பின் அகலம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே நடந்து முடிந்தது. அதாவது வாயில் வலி போய், "இப்ப பரவாயில்லை" என்று நாம் சொல்லும் நேரத்தில் பெரும்பகுதி போய்விட்டது.

அதன்பிறகும் அது நிற்பதில்லை. முழுப் பல்செட் போட்டவர்களை 25 ஆண்டுகள் எக்ஸ்ரே எடுத்துப் பின்தொடர்ந்த ஆன்ட்யே டால்கிரென் என்ற ஆய்வாளர் 1972இல் முடிவுகளை வெளியிட்டார். கரைவது முதல் ஆண்டில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடந்தாலும், கடைசிவரை நடந்துகொண்டே இருந்தது. பல் கட்டுகிறவர்கள் இன்றும் மறக்காத இன்னொரு விஷயத்தையும் அவர் கண்டார்: கீழ்த்தாடை மேல்தாடையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு கரைகிறது.

பல்செட் போடுவதால் இந்தக் கரைசல் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. பல்செட் ஈறின்மேல் மணைப்பலகைபோல உட்கார்ந்து அழுத்துகிறது. எலும்பு இழுப்பைத் தாங்கி வளரும், தொடர்ந்த அழுத்தத்தில் பின்வாங்கும். பொருந்தாத பழைய பல்செட்டை "இதுவே பழகிடுச்சு" என்று பத்து வருஷம் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு வரப்பு இன்னும் வேகமாகத் தேயும். முற்றிய நிலையில், கீழ்த்தாடையில் முகவாய்க்குப் போகும் நரம்பு வெளிவரும் துவாரமே மேட்டின் உச்சிக்கு வந்துவிடும். அப்போது பல்செட் உட்காருவது நரம்பின்மேல். கீழ்ப்பல்லைப் போட்டால் "உதட்டுல கரண்ட் அடிக்குது" என்று பெரியம்மா சொல்வதுண்டு. நாங்கள் சிரித்திருக்கிறோம்.

சரி, மேல்வரிசை மட்டும் எப்படிக் கடைசிவரை நின்றது? அதற்குச் சமையலறைக்குப் போக வேண்டும். கழுவி ஈரத்தோடு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு எவர்சில்வர் தட்டுகளைப் பிரித்துப் பாருங்கள். நேராகத் தூக்கினால் அடித்தட்டும் கூடவே வரும். பக்கவாட்டில் நழுவவிட்டால் சுலபமாகப் பிரியும். நடுவிலிருக்கும் மெல்லிய நீர்ப்படலம்தான் காரணம். பல்செட்டையும் ஈறையும் பிடித்து வைத்திருப்பது இதேபோன்ற ஓர் எச்சில் படலம். படலம் எவ்வளவு மெல்லியதோ, பரப்பு எவ்வளவு பெரியதோ, விளிம்பு எவ்வளவு காற்றுப் புகாமல் மூடியிருக்கிறதோ, பிடிப்பும் அவ்வளவு. மேல்வரிசை அண்ணம் முழுவதையும் மூடுவதால் பரப்பு சராசரியாக 23 சதுர சென்டிமீட்டர் கிடைக்கிறது. கீழ்வரிசை லாடம்போல் வளைந்த ஒரு பட்டை. நடுவில் நாக்குக்கு இடம் விட்டாக வேண்டும். பரப்பு 12 சதுர சென்டிமீட்டர்தான். போதாக்குறைக்கு உள்பக்கம் நாக்கும் வெளிப்பக்கம் கன்னமும் உதடும் பேசும்போதெல்லாம் அதைத் தூக்கிவிடப் பார்க்கின்றன. விளிம்பு மூடி நிற்க வழியே இல்லை. மெல்லும் சுமையைத் தாங்குவதும் இந்தப் பரப்புதான். பல் இருந்த காலத்தில் ஒரு வரிசையின் சுமையைத் தாங்கிய நார்ப்பரப்பு ஏறத்தாழ 45 சதுர சென்டிமீட்டர். அதனால்தான் முழுப் பல்செட் போட்டவரின் கடிக்கும் வலு, இயற்கைப் பல் உள்ளவரின் வலுவில் நான்கில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோதான்.

எச்சிலின் இந்தப் பிடிப்பை ஐரோப்பியர்களுக்கு வெகுகாலம் முன்பே ஜப்பானியர்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள். வகயாமாவில் வாழ்ந்து 1538இல் மறைந்த ஒரு பௌத்தப் பெண் துறவியின் மரப் பல்செட் இன்றும் இருக்கிறது. வாயின் வடிவத்துக்கு ஏற்ப ஒரே மரத்துண்டில் செதுக்கியது அது. அதற்கு இரண்டரை நூற்றாண்டு கழித்தும் அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் சுருள்கம்பி ஸ்பிரிங் வைத்து மேலையும் கீழையும் உந்தி நிறுத்திய பல்செட்டோடு அவதிப்பட்டார். வாஷிங்டனுடையது மரப்பல் என்று சொல்வது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தம், மனிதப் பல், உலோகம் எல்லாம் சேர்ந்தது. 1789இல் அதிபராகப் பதவியேற்றபோது அவருக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பல். அவருடைய பல் மருத்துவர் ஜான் கிரீன்வுட் அதைப் பிடுங்கவில்லை. கீழ்ப்பல் செட்டில் ஒரு துளை போட்டு, அந்த ஒற்றைப் பல்லில் செட்டை மாட்டி நிறுத்தினார். அத்தைக்கு டாக்டர் சொன்ன யோசனையும் அடிப்படையில் அதுதான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

டாக்டர் முன்வைத்த வழிகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, பிடுங்கிய அன்றே பல் கட்டுவது. முன்பற்கள் வாயில் இருக்கும்போதே அளவெடுத்துப் பல்செட்டைத் தயார் செய்துவிடுவார்கள். பெரும்பாலும் கடைவாய்ப் பற்களை முதலில் எடுத்து, சில வாரம் ஆறவிட்டு, கடைசியாக முன்பற்களைப் பிடுங்கிய அதே நாற்காலியில் செட்டைப் போட்டுவிடுவார்கள். ஒருநாள்கூடப் பொக்கைவாயோடு வெளியே போக வேண்டியதில்லை. புண்ணின்மேல் கட்டுப்போட்டதுபோல் அது ரத்தக்கட்டியையும் காக்கும். முதல் 24 மணி நேரம் கழற்றக் கூடாது. வலிக்கிறதே என்று கழற்றினால் ஈறு வீங்கி, திரும்ப உள்ளே போகாது. இதில் இரண்டு சங்கடம். வாயில் போட்டுப் பார்த்து அழகு பார்க்க முடியாது. பல் இருக்கும் இடத்தில் பல்லை வைத்து எப்படிப் பார்ப்பது? அடுத்து, வரப்பு வேகமாகக் கரையும் அந்த முதல் மாதங்களில்தான் இந்தச் செட் வாயில் இருக்கிறது. மூன்றாம் மாதம் தொளதொளவென்று ஆகிவிடும். மென்மையான பூச்சு தடவி அவ்வப்போது இறுக்கி, ஆறு மாதமோ ஓராண்டோ ஆனதும் உள்பக்கத்தைப் புதிதாக வார்த்துத் திருத்த வேண்டும், அல்லது வேறு செட் செய்ய வேண்டும். விலை கேட்கும்போது அந்த இரண்டாவது செலவையும் சேர்த்துக் கேட்டுக்கொள்வது நல்லது. கேட்காதவர்கள்தான் பிறகு "ஏமாத்திட்டாங்க" என்கிறார்கள்.

இரண்டாவது, எல்லாவற்றையும் பிடுங்கி, இரண்டு மூன்று மாதம் ஆறவிட்டுப் பல் கட்டுவது. பெரியம்மாவுக்கு நடந்தது இதுதான். பொருத்தம் நன்றாக வரும், செலவு குறைவு, முன்கூட்டியே மெழுகில் பல்லை அடுக்கி வாயில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் அந்த மாதங்களில் வெளியே தலைகாட்ட வேண்டும். சட்டை போடாமல் கடைத்தெருவுக்குப் போவதுபோல் கூச்சப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பகட்டு என்று நான் சொல்லமாட்டேன். பல்லில்லாத வாயோடு பேசப் பிடிக்காமல் மூன்று மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சில பற்கள் உறுதியாக நிற்கிறவர்களுக்குப் பகுதிப் பல்செட் உண்டு. அதில் மலிவான அக்ரிலிக் தகடு தற்காலிகத்துக்குச் சரி. வளையும் நைலான் செட்டுக்கு இப்போது மவுசு அதிகம். கம்பி தெரியாது, உடையாது. ஆனால் வரப்பு கரையும்போது அதை உள்பக்கம் வார்த்துத் திருத்துவது கடினம். சுமையைப் பல்லுக்குக் கடத்தாமல் முழுவதும் ஈறின்மேலேயே போடும். நெடுநாள் உழைக்க வேண்டுமென்றால் கோபால்ட் குரோமியம் வார்ப்பில் செய்யும் சட்டம்தான் என் தேர்வு. நிற்கும் பற்களின்மேல் சின்னச் சின்னக் கால்களை ஊன்றி நிற்பதால் சுமையில் ஒரு பங்கு பல்லுக்குப் போகிறது.

மூன்றாவது வழி அத்தைக்குச் சொன்னது. கீழே இரண்டு கோரைப்பற்கள், அதாவது வெட்டுப்பல் வரிசையின் இரண்டு முனைகளிலும் நிற்கும் கூரான பற்கள், ஆடாமல் இருந்தன. வாயிலேயே நீளமான வேர் கோரைப்பல்லுக்குத்தான். கடைவாய்ப் பற்கள் எல்லாம் போன பிறகும் அது நிற்பதைக் கிழவர்களின் வாயில் பார்த்திருப்பீர்கள். டாக்டர் அவற்றைப் பிடுங்கப் போவதில்லை. வேர் சிகிச்சை செய்து, ஈறுக்குமேல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் மேடாக விட்டு, மிச்சத்தைத் தேய்த்துவிடுவார். அதன்மேல் முழுப் பல்செட் உட்காரும். வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. உள்ளே இரண்டு கயிற்றுக் கட்டில் மிஞ்சியிருக்கிறது.

அந்த இரண்டு வேருக்கு எவ்வளவு மதிப்பு? 1978இல் வெளியான கிரம், ரூனி இருவரின் ஆய்வு ஐந்து ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்தது. கோரைப்பல் வேர்களை விட்டுவைத்தவர்களுக்குக் கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் எலும்பு சராசரியாக 0.6 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. எல்லாப் பல்லையும் எடுத்தவர்களுக்கு 5.2 மில்லிமீட்டர். அரை சென்டிமீட்டர் என்பது கேட்கச் சின்னதுதான். அந்த வரப்பின் மொத்த உயரமே பலருக்கு அவ்வளவுதான் மிஞ்சுகிறது. வேர் இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. சோற்றில் ஒரு மணல் கடிபட்டால் நமக்கு உடனே தெரிகிறதே, அதைச் சொல்வது பல் அல்ல, வேரைச் சுற்றியிருக்கும் அந்த நார்களில் உள்ள நரம்புகள். வேர் சிகிச்சையில் வேருக்குள் இருக்கும் நரம்பைத்தான் எடுக்கிறார்கள். வெளியே சுற்றியிருப்பவை அப்படியே இருக்கும். எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்ற கணக்கு பல்செட்டுக்கு வந்துவிடுகிறது.

இந்த வழிக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. தேய்த்துவிட்ட வேரைச் சுத்தமாக வைக்காவிட்டால் அதிலேயே சொத்தை விழும். பல்செட்டுக்கு அடியில் இருட்டும் ஈரமும் எச்சில் ஓட்டமில்லாத மூலையும் சொத்தைக்கு வாய்ப்பான இடம். பல்லே இல்லையே என்று துலக்காமல் விடுகிறவர்களுக்கு இது சரிப்படாது. ஃபுளோரைடு பேஸ்ட் வைத்து அந்த இரண்டு குமிழைத் தினமும் துலக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

நான்காவது, இம்பிளாண்ட். சுவீடனின் பெர்-இங்வார் பிரானமார்க் 1952இல் முயலின் எலும்புக்குள் டைட்டானியக் கருவி வைத்து ரத்த ஓட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆராய்ச்சி முடிந்து கருவியை எடுக்கப் போனால் அது வரவில்லை, எலும்போடு ஒன்றிப்போயிருந்தது. அந்த எரிச்சலிலிருந்து பிறந்ததுதான் இன்றைய இம்பிளாண்ட். 1965இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். பல்லில்லாத கீழ்த்தாடைக்கு முன்பக்கம் இரண்டு திருகு போட்டு, அதன் தலையில் பொத்தான் மாட்டுவதுபோல் பல்செட்டை மாட்டிக் கழற்றலாம். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2002இல் கூடிய நிபுணர்கள், பல்லில்லாத கீழ்த்தாடைக்குச் சாதாரணப் பல்செட்டை அல்ல, இந்த இரண்டு திருகுப் பல்செட்டைத்தான் முதல் தேர்வாகக் கொள்ள வேண்டும் என்றார்கள். கீழ்வரிசைக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை என்று கேட்க வேண்டியதில்லை; எவர்சில்வர் தட்டுக் கணக்குதான்.

வயது இதற்குத் தடையில்லை. கட்டுப்படாத சர்க்கரை, புகை, தாடையில் முன்பு வாங்கிய கதிர்வீச்சு சிகிச்சை ஆகியவை தடை அல்லது பெரிய எச்சரிக்கை. எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்கள் பல் பிடுங்குவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். அவற்றில் சில மருந்துகள் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரியும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் தாமாகவே அதை நிறுத்திவிட்டு நாற்காலியில் போய் உட்காருவதும் ஆபத்து. இதய டாக்டரும் பல் டாக்டரும் பேசிக்கொள்ளட்டும்.

பணம் இருக்கிறவர்களுக்கு நான்கோ ஆறோ திருகு போட்டுக் கழற்றாத பல்வரிசை கட்டலாம். "ஒரே நாளில் நிரந்தரப் பல்" என்று ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள். முதல் நாள் போடுவது பெரும்பாலும் தற்காலிகப் பல்வரிசை, நிரந்தரமானது சில மாதம் கழித்து என்பதை ஃபிளெக்ஸில் எழுத இடம் போதாது போலிருக்கிறது. அந்தத் திருகுகளுக்கும் எலும்பு வேண்டும். வேறு இடத்து எலும்பையோ எலும்புத் தூளையோ வைத்து வரப்பை உயர்த்தும் அறுவை உண்டு. அதற்கும் செலவு, அதற்கும் காத்திருப்பு, அதற்கும் எல்லை.

அத்தையின் மூத்த பேத்திக்கு ஐப்பசியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். அதனால் மேல்வரிசைக்குப் பிடுங்கிய அன்றே போடும் செட், கீழ்வரிசைக்கு இரண்டு கோரைப்பல் வேர்மேல் உட்காரும் செட் என்று முடிவானது. அளவெடுக்கும் நாள்களில் நான்தான் துணைக்குப் போனேன். முதல் அளவுக்குப் பொடியைத் தண்ணீரில் குழைத்து இட்லிமாவுபோல் தட்டில் நிரப்பி வாயில் அழுத்தினார்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் ரப்பராகிவிட்டது. அந்தப் பொடியின் சரக்கு கடற்பாசி. நம் ராமநாதபுரம் மாவட்டக் கரையோரப் பெண்கள் மன்னார் வளைகுடாவில் மூழ்கிச் சேகரிக்கும் கட்டக்கோரைப் பாசியிலிருந்து எடுப்பதும் இந்த ஆல்ஜினேட்தான். கீழ்வரிசைக்கு அடுத்தமுறை பச்சை நிறக் குச்சி ஒன்றை விளக்கில் காட்டி உருக்கி, தட்டின் விளிம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டி, "உதட்டைக் குவிங்கம்மா, நாக்கை வெளிய நீட்டுங்க, இந்தப் பக்கம் ஆட்டுங்க" என்று அரைமணி நேரம் பாடுபட்டார்கள். உதடும் கன்னமும் நாக்கும் அசையும் எல்லையை விளிம்பு தானாகவே பதிந்துகொள்கிறது. மேல்வரிசையில் காற்றுப் புகாமல் மூடுவதும் கீழ்வரிசையில் நாக்கு தூக்காமல் இருப்பதும் இந்த அரைமணி நேரத்தில்தான் இருக்கிறது. கடைசியாகக் கிராம்பெண்ணெய் வாசனையடிக்கும் ஒரு பசையில் நுட்பமான அளவு. ஒரே தடவை அளவெடுத்து மறுநாளே செட் தருகிறோம் என்கிற இடங்களில் இந்த அரைமணி நேரத்தைத்தான் மிச்சம் பிடிக்கிறார்கள்.

பல்லை எங்கே வைப்பது என்பதற்கு மொழி உதவுகிறது. மேல் முன்பல்லின் நுனி கீழுதட்டை எங்கே தொட வேண்டும் என்று பார்க்க, ஆங்கிலம் பேசும் ஊர்களில் ஐம்பத்தைந்தை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்வார்கள். நமக்கு வகரம் இருக்கிறது. மேற்பல்லும் இதழும் கூடினால் வகரம் பிறக்கும் என்பதைத் தொல்காப்பியர் பிறப்பியலில் குறித்துவைத்திருக்கிறார். டாக்டர் அத்தையின் பழைய கல்யாண போட்டோவைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "வாங்க, வாழை, வடைன்னு சொல்லுங்கம்மா" என்றார். அத்தை வடையை மட்டும் மூன்று தடவை சொன்னார்.

முதல் வாரம் வாந்தி வருவதுபோல் இருந்தது, எச்சில் ஊறிக் கொட்டியது. வாய் அதை உணவு என்று நினைத்து எச்சில் சுரக்கிறது. சில நாளில் புரிந்துகொள்ளும். பழக ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். குழைந்த சோறு, இட்லி, பிறகு சின்னத் துண்டுகள். ஒரே பக்கமாக மெல்லாமல் இரண்டு பக்கமும் சேர்த்து மெல்ல வேண்டும், முன்பல்லால் கடித்து இழுக்கக் கூடாது, இழுத்தால் பின்பக்கம் எழும்பிவிடும். செய்தித்தாளைச் சத்தமாகப் படித்தால் பேச்சு சீக்கிரம் திருந்தும். எங்கேயாவது குத்திப் புண்ணானால் பிளேடாலோ அரத்தாலோ வீட்டில் சுரண்டாதீர்கள். டாக்டர் இரண்டு நிமிடத்தில் தேய்த்துத் தருவார். தேய்த்த பிறகும் ஒரு புண் இரண்டு வாரத்தில் ஆறவில்லையென்றால் அது பல்செட் புண்ணாக இல்லாமலும் இருக்கலாம். வெற்றிலை, புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் அதைச் சோதித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

ராத்திரி கழற்றி, தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் போட்டுவிட வேண்டும். வெந்நீர் கூடாது, அக்ரிலிக் கோணும். பற்பசையும் வேண்டாம், கீறல் விழும். சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் போதும். கழற்றாமல் தூங்கினால் ஈறு சிவந்து காளான் தொற்று வரும். அதோடு போவதில்லை. ஜப்பானில் 85 வயது கடந்த 524 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2015இல் வெளியான ஆய்வில், பல்செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் ஆபத்து 2.3 மடங்கு அதிகமாக இருந்தது. வாய் உலர்கிறவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ரத்தக்கொதிப்பு, மனச்சோர்வு, ஒவ்வாமை ஆகியவற்றுக்குத் தரும் பல மாத்திரைகள் எச்சிலைக் குறைக்கும். எச்சில் இல்லையென்றால் இரண்டு தட்டுக்கும் நடுவே தண்ணீர் இல்லை.

நான்காம் மாதம் அத்தையின் மேல்செட் சொன்னபடியே தொளதொளத்தது. உள்பக்கம் வார்த்துக் கொடுத்தார்கள். எட்டாம் மாதம் இடதுபக்க வேரில் சொத்தையின் தொடக்கம் தெரிந்தது. அடைத்துவிட்டு, துலக்கச் சொல்லித் திட்டி அனுப்பினார் டாக்டர். கீழ்ச்செட் ராத்திரியில் மட்டும்தான் வாயை விட்டு வெளியே வருகிறது. கைக்குட்டைக்கு இன்னும் வேலை வரவில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது எல்லாப் பல்லையும் எடுக்கச் சொல்லியிருந்தால், மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்னால் எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லி ஒரு கேள்வி கேளுங்கள்: கீழ்க் கோரைப்பல் வேர் இரண்டையும் விட்டுவைக்க முடியுமா? முடியாது என்றால், ஏன் என்று கேளுங்கள். பதில் சரியாகப் புரிந்த பிறகு வாயைத் திறந்தால் போதும்.